கோலுக்குப் பின்னால் ஓர் இடம்

கால்பந்து மைதானத்தில் எங்கே உட்கார்ந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று யாராவது கேட்டால், கோலுக்குப் பின்னால் என்று இன்றைக்கும் தயங்காமல் சொல்வேன். நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்க வருவதில்லை, தங்களை நாலு பேர் பார்க்கட்டும் என்று வருகிறார்கள். இந்த எண்ணம் எனக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது. அதில் கொஞ்சம் பிடிவாதமும் உண்டு. அந்தப் பிடிவாதம் என் தங்கையின் கல்யாணத்தை ஒரே சாயங்காலத்தில் கெடுக்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காடு கடைவீதியில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் பந்தாட்டத்தில் எங்கள் அணிக்கு நான்தான் கோல்கீப்பர். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மைதானம் அது. ஒரு பக்கத்துக் கோலைத் தாண்டினால் காப்பிச் செடிதான். பந்தை விட்டால் நானே கீழே இறங்கித் தேட வேண்டும், அந்தச் சோம்பலில்தான் நான் நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று நண்பர்கள் கேலி பேசுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த வருடக் கோடையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில்லின் கால்பந்து அணி பயிற்சிக்காக மேலே வந்து இரண்டு வாரம் தங்கியது. பந்து விளையாடுவதற்காகவே மில்லில் சேர்த்துச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்கள். அவர்களுடைய கோல்கீப்பர், நெட்டையான, அதிகம் பேசாத மனிதர், காலையில் எங்கள் கடைக்கு வந்து அணிக்கு வேண்டிய வாழைப்பழம் வாங்கிப் போவார். என் தங்கை ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் கடையில் நிற்பாள். முதல் மூன்று நாள் சீப்புச் சீப்பாக வாங்கிப் போன மனிதர், நாலாம் நாளிலிருந்து ஒரு பழம் வாங்கித் தின்றுவிட்டுப் போய், திரும்பி வந்து இன்னொரு பழம் வாங்க ஆரம்பித்தார். அப்பா, கோயம்புத்தூர்க்காரனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் இறங்கிப் போன ஒரு மாதத்தில் அவர் வீட்டார் முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். விசாரித்ததில் தூரத்துச் சொந்தமாகவும் இருந்தார்கள். ஜாதகம் சேர்ந்தது. தங்கை தனக்குப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் வாய்விட்டே சொன்னாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்து, மறுநாள் அவள் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பந்தை உதைக்கிறதுக்குச் சம்பளம் என்றாலாவது ஒரு மாதிரி சரிக்கட்டிக்கொள்ளலாம், இந்த ஆள் உதைப்பதுகூட இல்லையே, நின்று பிடிக்கிறார், இது ஒரு உத்தியோகமா என்பது அவர் கேள்வி. விரல் ஒடிந்தால் மில்லில் வைத்துக்கொள்வார்களா என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினார். தங்கை இளைத்துப் போனாள்.

அந்தச் சமயத்தில் சேலத்தில் பெரிய பந்தயம் ஒன்று வந்தது. பல ஊர் அணிகள். மில் அணியும் வந்தது. கோல்கீப்பர் என் எஸ்டேட் விலாசத்துக்கு ஒரு கவர் அனுப்பியிருந்தார். உள்ளே மூன்று நாற்காலி பாஸ். உங்கள் அப்பா என் வேலையை ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும், பிறகு என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

பிறகு, அந்த நாற்காலிகள் எங்கே போடப்பட்டிருக்கும் என்று என்னைக் கேட்டார். நடுக்கோட்டுக்கு நேராகப் பந்தல் போட்டிருப்பார்கள், ஆட்டக்காரர்களுடைய வீட்டார்தான் அங்கே உட்காருவார்கள், இடைவேளையில் டீயும் பிஸ்கெட்டும் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த பெருமையெல்லாம் சொன்னேன். அந்த டீதான் காரியத்தைக் கெடுத்தது. பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற வரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம்.

"அவிய ஊட்டாளுங்களோட போயி உக்காந்து டீயக் குடிச்சுப்போட்டு, அப்பறம் நான் என்னத்தக் கண்ணு யோசன பண்றது? டிக்கெட்டு வாங்கிப் பொதுவுல உக்காந்துக்கலாம்" என்றார்.

அந்த டீ பந்தயக் கமிட்டியின் டீ, மாப்பிள்ளை வீட்டு டீ அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கோலுக்குப் பின்னால் கேலரியில் உட்கார ஆசை. கீப்பரின் காலைப் பின்னாலிருந்து பார்த்தால்தான் அவன் சரக்கு தெரியும். இந்த மனிதரின் சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்தது. மலைமேல் நானும் ஒரு கோல்கீப்பர் அல்லவா. பொறாமை என்று சொல்ல அப்போது மனம் வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாங்கள் பந்தலுக்கு வரவில்லை, கேலரியில் இருப்போம் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டியது என் பொறுப்பு. எஸ்டேட் ஆபீசில் போன் இருந்தது. அணி தங்கியிருந்த சேலத்து லாட்ஜின் நம்பரைக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். நாலு நாள் அவகாசம் இருந்தது. இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று தள்ளினேன். ஆட்டத்தன்று மத்தியானம் பஸ் அடிவாரத்தை நெருங்கும்போது தங்கை முன் சீட்டிலிருந்து திரும்பி, அவருக்குச் சொல்லியாயிற்றா என்று மெதுவாகக் கேட்டாள். சொல்லிட்டேன் அம்மிணி என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள்.

சவுக்குக் கட்டையால் கட்டிய கேலரியில் மூன்றாவது வரிசை கிடைத்தது. அப்பா துண்டை விரித்து உட்கார்ந்தார். அணிகள் இறங்கின. எங்கள் அதிர்ஷ்டம், மாப்பிள்ளை பந்தல் பக்கம் பார்த்தபடியே எங்கள் பக்கத்துக் கோலுக்கு ஓடி வந்தார். கம்பத்தை இரண்டு கையாலும் தொட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கயிறும் பத்தடி மண்ணும்தான். கோல்கீப்பர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது கோல்கீப்பராகிய எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அவர் பார்த்தது பந்தலைத்தான். முன்வரிசையில் மற்றதெல்லாம் நிரம்பியிருக்க, மூன்று நாற்காலி மட்டும் காலி. எங்கள் இடத்திலிருந்தே அது பளிச்சென்று தெரிந்தது. பந்து எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. வாசல் வழியாக யாராவது வந்தால் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பதில் இதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"ஏனுங்கண்ணா, நாம இங்கதான் இருப்போம்னு அவருகிட்டச் சொன்னீங்கல்ல?" என்று தங்கை கேட்டாள்.

நான் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் இருந்தேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எழுந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டால் அவர் திரும்பி, நீங்கள் இங்கேயா என்று திகைப்பார், அப்பா முன்னால் என் பொய் சந்திக்கு வரும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதரைத் தவிக்கவிட்டேன்.

வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. நான்கூடப் பிடித்திருப்பேன். அவர் ஒரு நொடி தாமதமாக எழும்பினார். கையில் பட்டு நழுவி உள்ளே விழுந்தது. வலைக்குள் கிடந்த பந்தை ஒரு பையன் எடுத்து வீச, அவர் திரும்பாமல் தரையையே பார்த்து நின்றார். கேலரியே கத்தியது. எங்களுக்கு முன்னால் கடலைப் பொட்டலத்தோடு இருந்த ஒரு ஆள், தூங்குமூஞ்சிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து மேலே மேலே போனார். அப்பா முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஆளின் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, அந்தப் பையன் இதுக்கு முன்னால எத்தன பந்து புடிச்சுது, அதப் பாத்தீங்களா? உள்ள போனது ஒண்ணுதானுங்க."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இடைவேளை விசில் ஊதியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி எங்களைக் கடக்காமலே நடுமைதானத்துக்குப் போய்விட்டார். அடுத்த பாதிக்கு எதிர்ப்பக்கத்துக் கோல், அத்தனை தூரத்திலிருந்து இனி எங்களை அடையாளம் தெரிய வழியே இல்லை. தங்கை எழுந்து புடவையைத் தட்டிவிட்டு என் முன்னால் கையை நீட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த மூன்று பாஸையும் எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா, நான் அங்க போறனுங்க."

"அங்க டீ குடுப்பாங்க சாமி" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்துவிடப் போகிறதே என்று ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னார்.

"குடுத்தாக் குடிச்சுக்கறனுங்க" என்றாள்.

கயிற்றை ஒட்டி, மைதானத்தின் பாதியைச் சுற்றிக்கொண்டு அவள் நடந்து போனாள். வெயிலில் மஞ்சள் புடவை நன்றாகத் தெரிந்தது. சில பேர் விசிலடித்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கூட எழுந்து போயிருக்க வேண்டிய அண்ணனாகிய நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பந்தலுக்குள் நுழைந்து, காலியாக இருந்த மூன்றில் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டோடு ஒரு ஆள் வந்தார். அவள் கையை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

அணிகள் திரும்ப இறங்கின. மாப்பிள்ளை தன் கோலுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பந்தல் பக்கம் பார்த்தார். நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஓடி வந்தவன் அவர்மேல் மோதிக்கொண்டான். கையசைப்பது, சிரிப்பது எதுவும் இல்லை. மறுபடி ஓடிப் போய்க் கோலில் நின்றுகொண்டு, தன் ஆட்களை இடது பக்கம் போ, முன்னால் ஏறு என்று சத்தம் போட ஆரம்பித்தார். முதல் பாதி முழுவதும் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அப்பா எதிர்ப்பக்கத்தையே பார்த்தபடி இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. நாம் கேலரியில் இருக்கிறோம் என்று மாப்பிள்ளைக்கு நான் தெரிவிக்கவே இல்லை, தெரிவித்ததாகத் தங்கையிடம் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்டச் சொல்லோணும்" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரி. எனக்கும் ஒரு டீ குடிக்கோணும்" என்றார்.

இரண்டு பேரும் அதே கயிற்றை ஒட்டி நடந்தோம். பந்தல் வாசலில் நின்ற ஆளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், அவரே பாஸ் இரண்டை நீட்டி, இன்னும் இரண்டு பேர் வருவார்கள் என்று அந்தப் பொண்ணு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று உள்ளே விட்டார். நாங்கள் வருவோம் என்று அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்பா அவளுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டுக்காரரைத் தானே கையைக் காட்டிக் கூப்பிட்டு டீ வாங்கினார். அவர் முதல் வாய் குடிக்கும் வரைக்கும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இடப்பக்க நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதைக் குனிந்து அவள் காதோடு சொன்னேன், நான் போன் பண்ணவே இல்லை, வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன் என்று. அவள் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆட்டத்தப் பாருங்கண்ணா" என்றாள்.

பையை அவள் எடுக்கவில்லை. மிச்ச ஆட்டத்தை நான் நின்றுகொண்டே பார்த்தேன்.