கட்டிலுக்கு மேலே ஐந்து டைல்ஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முன்கட்டில் நோயாளிகளைப் பார்த்து, உள்ளறையில் பிரசவம் பார்த்தோம். டாக்டரம்மா, நான், ஓர் ஆயா, அவ்வளவுதான் ஆட்கள். குற்றாலச் சாரல் என்றால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். எனக்கு அந்த மாதங்கள் வந்தாலே எரிச்சல் மூக்குக்கு மேல் வரும். மேற்கேயிருந்து அடிக்கிற தூறல் சுவருக்குள் இறங்கி, சுண்ணாம்புக் காரை பூத்துப் பொடிப்பொடியாகக் கொட்டும். பிரசவ அறையில் எதைக் கழுவி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அப்படி ஒரு சாரல் காலத்தில், செங்கோட்டைப் பெண் ஒருத்தி எங்களிடம் பிள்ளை பெற்று, ஜன்னி கண்டு செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. சுவர்தான் காரணம் என்று யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா பல நாள் அந்த அறையையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில், “கழுவ முடியாத சுவர் இனி இங்க இருக்கக் கூடாது” என்றார். படிக்கிற காலத்தில் சென்னையில் பார்த்த மாதிரி, ஆள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் பதிப்பது என்று முடிவாயிற்று.

கொத்தனார் வீரகேரளம்புதூர்க்காரர். ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பிலேயே வேலை செய்தவர். டைல்ஸைப் பீங்கான் என்றுதான் சொல்வார். ஒன்றை வாங்கிப் பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது சிமெண்டுல ஒட்டுத சாமான். நம்ம செவரு சுண்ணாம்பு. ரெண்டும் ஒத்துப்போகுமான்னு எனக்குத் தெரியல” என்றார். சிமெண்டுக்கு அப்போது பர்மிட் வாங்க வேண்டும். பல மாதம் அலைந்து திரிந்ததில் ஒரே ஒரு மூட்டைதான் கிடைத்திருந்தது.

கொல்லைச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். வெறும் சுண்ணாம்பில் வைத்த டைல் வழுக்கி இறங்கிவிட்டது. வெறும் சிமெண்டில் வைத்தது நன்றாகப் பிடித்தது, ஆனால் பழைய காரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. பிறகு கொத்தனாரும் டாக்டரம்மாவும் சண்டை போடாத குறையாகப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். காரையைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுப்பது. உடைந்த செங்கல்லை உரலில் இடித்துச் சலித்துச் சுண்ணாம்போடு சேர்ப்பது. சிமெண்டைக் கொஞ்சமாகக் கலப்பது. டைல்ஸை முதல் நாளே தொட்டித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். அப்படி வைத்த டைலை டாக்டரம்மா ஆபரேஷன் கருவி ஒன்றால் நெம்பினார். நானும் அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டேன். டைல் உடைந்ததே தவிரக் கழன்று வரவில்லை.

வேலை தொடங்கும் நேரத்தில் செங்கோட்டையம்மா வந்து சேர்ந்தார். செத்துப்போனவளின் தாயார். மூத்தவள் வாழப்போன வீட்டுக்கே இளையவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இளையவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. வேறெங்கும் போக வழியில்லை என்பதாலோ, டாக்டரம்மா மேல் இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்ததாலோ, அவளையும் எங்களிடமே கொண்டுவரத் துணிந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“நல்ல நேரத்துல முதல் கல்ல என் கையால வைக்கணும். வாசல் நிலை வைக்கதுக்குச் செய்யுத மாதிரி மஞ்சள் பூசி வைக்கணும். அது கட்டிலுக்கு நேர் மேல இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

அந்த முகத்தைப் பார்த்து யார் இல்லை என்று சொல்வது? டைலின் வெள்ளை முகத்தில் கறை படக் கூடாதென்று பின்பக்கத்தில் பூசச் சொன்னார் டாக்டரம்மா. ஊறிய டைலில் மஞ்சள் வழிந்ததால், ஐந்தாக வைத்தால்தான் மங்களம் என்று செங்கோட்டையம்மா கூடையிலிருந்து காய்ந்த டைல்ஸ் ஐந்தை எடுத்தார். குழைத்த மஞ்சளைத் தாராளமாக அப்பினார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “அண்ணாச்சி, மஞ்சளுக்கு மேல கலவை பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“துளி மஞ்சள் என்னம்மா செய்யும்? எத்தனை நிலை வச்சிருக்கேன்!” என்றார் கொத்தனார். நிலையைச் சுவர் தாங்கிப் பிடிக்கும், டைலுக்குக் கலவை மட்டும்தான் பிடி என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மற்றச் சுவரெல்லாம் கெட்டியாக நின்றது. சாரல் தொடங்கியதும் அந்த ஐந்தை மட்டும் தட்டினால் காலிப் பானைச் சத்தம் வந்தது. எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். செங்கோட்டையம்மா கொதித்துப்போனார். “நல்ல நேரத்துல வச்சத எம்மக பெத்து எந்திரிக்க முன்ன பேத்தெடுக்கப் போறியளா? அப்படின்னா இப்பமே அவளக் கூட்டிட்டுப் போயிருதேன்.” பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த நிறைமாதப் பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்ப டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். டைல்ஸ் மேல் நான் பிளாஸ்திரி ஒட்டினேன். சாரல் ஈரத்தில் அது மறுநாளே சுருண்டுகொண்டது.

வலி வந்த அன்று பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. ஆயா வரவில்லை. கரண்டு போயிற்று. வெகுநேரமாகியும் பிள்ளையின் தலை இறங்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளு” என்றார். அறையில் ஒரே ஜன்னல்தான். அந்த வெளிச்சம் டாக்டரம்மாவின் கைக்கு விழ வேண்டுமென்றால், பெண்ணின் தலை மஞ்சள் பூசிய டைல்ஸுக்குக் கீழேதான் வரும். முடிந்தவரை சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டோம். நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் இடம்தான் கிடைத்தது.

அவள் முக்கி அலறினாள். அந்தச் சமயத்தில்தான் ஓரத்து டைல் நழுவி, கட்டில் கம்பியில் பட்டுத் தரையில் சிதறியது. அவள் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அண்ணாந்து பார்த்தேன். மீதி நான்கும் மேலே சுவரைவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“தலை வந்துட்டு, கழுத்துல கொடி சுத்திக்கிட்டிருக்கு, இங்க வா!” என்றார் டாக்டரம்மா. என் இரண்டு கையும் அங்கே வேண்டும். டைல்ஸைப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை எங்கிருந்து வரும்? வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் சட்டம் பேசுபவளே நான்தான். கதவை உதைத்துத் திறந்து, வெளியே காத்திருந்த தாயாரைப் பார்த்துக் கத்தினேன்.

“உள்ள வாங்கம்மா! நீங்க வச்சத நீங்களே பிடிங்க!”

செங்கோட்டையம்மா சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கைகளை விரித்து அந்த நான்கு டைல்ஸையும் அழுத்திக்கொண்டார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. முதுகுக்குப் பின்னால் மகள் கிடந்தாள். திரும்பினால் பிடி தளரும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. “மோளே, மோளே” என்று சுவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கொடியை விலக்கினார். பிள்ளை நீலம் பாரித்து வந்தது. நான் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். சத்தம் இல்லை. மறுபடியும் தட்டினேன். நான் கும்பிடாத சாமி அன்றைக்குக் கிடையாது. அப்புறம் அது பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் கொடுத்தது, பிறகு வீறிட்டது.

ஆணா பெண்ணா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. சுவரைவிட்டு முகத்தைத் திருப்பாமல், “அவ இருக்காளா?” என்று கேட்டார்.

“இருக்கா. நல்லா இருக்கா” என்றார் டாக்டரம்மா.

கட்டிலை நாங்கள் இழுத்துத் தள்ளிய பிறகுதான் கையை எடுத்தார். நான்கும் விழுந்து உடைந்தன. அபசகுனம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்கள் மூவருக்கும் ஒரே பயம்தான், காய்ச்சல். மூத்தவளுக்கும் பிள்ளை பிறந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கொதித்தது. நான் தெர்மாமீட்டரும் கையுமாக அலைந்தேன். அந்த அம்மாள் மகளின் நெற்றியைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. சுவரைக் காலையும் மாலையும் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். வெள்ளையாக ஒரு பொடிகூட எங்கும் படியவில்லை. காய்ச்சலும் வரவில்லை.

வீட்டுக்குப் புறப்படும் அன்று, மகளையும் பேத்தியையும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த அம்மாள் மட்டும் திரும்பி உள்ளே வந்தார். கொத்தனார் ஊறிய டைல்ஸை அந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் ஏதாவது சண்டைக்கு வருவார் என்று நானும் பதில் பேசத் தயாராகத்தான் நின்றேன்.

“மூத்தவ இங்கனதானே கெடந்தா? எந்தக் கட்டிலு?” என்று கேட்டார்.

அவள் செத்த அன்றும் இதை அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் அழுததாகவும் எனக்கு நினைவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே கட்டில். கையைக் காட்டினேன். அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்து, விரிப்பைத் தடவியபடி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வண்டிக்காரர் இரண்டு தரம் குரல் கொடுத்தார். காத்திருக்கச் சொல்லிவிட்டு, நான் கதவைச் சாத்தினேன்.