பாப்பா மூன்று தடவை நனைந்த சாயங்காலம்

சனிக்கிழமை நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பாப்பாவின் நெற்றி தோசைக்கல்லாகச் சுட்டது. "பிள்ளையைப் பாத்துக்கோ, நர்சக்காவைக் கூட்டியாரேன்" என்று அம்மா செருப்புகூடப் போடாமல் ஓட, மில்லர்புரத்து வீட்டில் பத்து வயது நானும் ஐம்பது நாள் தங்கச்சியும் மட்டும் மிஞ்சினோம்.

பாப்பாவுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அப்பா சாயர்புரத்துப் புரொட்டஸ்டண்ட், அம்மா கடற்கரைக் கத்தோலிக்க ஆர்.சி. எனக்கு அப்பா கோயிலில் பாதிரி 'ஐயர்' தண்ணீர் தெளித்துவிட்டதால், இந்தப் பிள்ளை ஆர்.சி. 'சாமியாருக்கு'த்தான் என்று அம்மாவின் அக்காவான பெரியம்மா பிடிவாதமாக இருந்தாள். "ஜென்மப் பாவம் கழுவாம ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா மோட்சம் கெடையாதுளா, ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தலாம்" என்பாள். அப்பாவோ, "விசுவாசந்தான் ரட்சிக்கும், தண்ணி ஒரு அடையாளம், ரெண்டு சொட்டு போதும்" என்பார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட சித்தி பால்காரரைக்கூட நிறுத்தி, "எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு ரட்சிக்கப்பட்டிய?" என்று கேட்பாள். தலை முங்காத ஞானஸ்நானம் எதுவும் அவளிடம் செல்லாது.

பாப்பா செத்துவிட்டால் எங்கே போவாள் என்பதுதான் அப்போது என் பயம். யார் சொல்வது சரி என்று விசாரிக்க நேரமில்லாததால் மூன்றையும் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் இரண்டு சொட்டு தெளித்து, ஒரு தம்ளர் தலையில் ஊற்றி, பிறகு பிளாஸ்டிக் பேசினில் அவளை முக்கினேன். கை வழுக்கிவிட்டது. அள்ளித் தூக்கியபோது பாப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. அந்த இரண்டு மூன்று நொடி எனக்கு இன்னும் முடியவில்லை. என் மகனை முதன்முதலில் குளிப்பாட்டிய அன்று நான் தெருவில் போய் நின்றுகொண்டேன்.

பிறகு அவள் வீரிட்டாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்துகொண்டிருந்த பெரியம்மா, அப்பா, சித்தி மூவரும் அந்த அலறலுக்கு ஒன்றாக உள்ளே ஓடிவந்தார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அவசரத்துல ஊத்துனது செல்லும். பிள்ளை இனி ஆர்.சி.தான்" என்று பெரியம்மா பாப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல தெளிச்சிருக்கால்லா? பொறவு ஊத்துனதெல்லாம் குளிப்பாட்டுன கணக்கு" என்று அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"முங்குனது சரி. ஆனா பாப்பா மனந்திரும்புனாளா? அவகிட்ட கேட்டியா?" என்றாள் சித்தி என்னிடம். கொஞ்சம் யோசித்து, "முங்கும்போது மணி என்ன?" என்றும் கேட்டாள்.

சொட்டச் சொட்டப் பாப்பா கை மாறிக்கொண்டே இருந்தாள்.

இன்று பெரியம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. அந்த வீட்டை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். என் பிள்ளைகளை நிறுத்தி ரட்சிக்கப்பட்ட நேரம் கேட்க ஓர் ஆள் கிடையாது. யாராவது கேட்டால் நன்றாயிருக்கும் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. அன்றைய வழக்கிலும் இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அம்மா, மூச்சிரைக்க நர்சக்காவோடு வந்து சேர்ந்தாள்.

நர்சக்கா பாப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "சூடு எறங்கிருக்கு. எல்லாரும் வாயை மூடிட்டு ஒரு காஞ்ச துண்டு கொண்டாங்க." துவட்டிச் சுற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏளா, இங்கன வா. யாரும் அடிக்க மாட்டாவ. இந்தா, தங்கச்சியைப் பிடி. இந்தத் தடவ ரெண்டு கையாலயும்."