முதல் அண்டா

எங்கள் தெருவுக்கே அக்காவாக இருந்தவரின் நினைவாகப் பிரியாணி விருந்து வைத்துப் பணம் திரட்டலாம் என்று சொன்னதே நான்தான். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே நாதியற்றுக் கிடப்பவர்களுக்கு மதியச் சோறு போட்டே ஆயுசைக் கழித்தவர் அவர். அவர் போன பிறகு தெருப் பெண்கள் நாங்கள் முறை வைத்துச் சமைத்து ஆட்டோவில் அனுப்பினோம். போகப் போக, முறை வரும்போதெல்லாம் ஒருத்திக்குக் கல்யாண வீடு, இன்னொருத்திக்குக் காய்ச்சல். விருந்தில் பணம் சேர்ந்தால் ஆள் வைத்துச் சமைக்கலாம், இல்லையென்றால் அந்தச் சோறு நின்றுபோகும். நிற்க விடுவேனா நான்?

சேலையூர், மாடம்பாக்கம் என்று ஒரு அபார்ட்மென்ட் விடாமல் ஏறி டிக்கெட் விற்றேன். படப்பையிலிருந்து ஒரு பாய் கூலி வாங்காமல் சமைக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் அக்காவின் படம், ரோஜா மாலை, கமிட்டித் தலைவரின் முடியவே முடியாத பேச்சு.

அப்போதுதான் ஆட்டோக்காரர் சமையற்கட்டுக்கு வந்து நின்றார்.

"இன்னாக்கா, வூடு பூட்டி கீது. சோறு எங்க? அங்க அல்லாரும் குந்திகினு கீறாங்க."

அன்றைக்குச் சமையல் முறை வந்தவள் உட்பட எல்லோருமே மண்டபத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பசிக்கு விழா எடுக்கப் போய் பசித்தவனை மறந்திருக்கிறோம். நல்லா இருக்குடி உன் லட்சணம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தலைவர் விஷயம் கேட்டு ஓடி வந்தார். ரிட்டையர்டு பேங்க் ஆபீசர்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். கெஸ்ட் எல்லாம் சாப்பிட்டதும் மீதியை அனுப்பிடலாம்."

மீதியாம்! கல்யாண வீட்டு மிச்சத்தை யாராவது நீட்டினால் அக்கா கையால்கூடத் தொட மாட்டார். முதல் கரண்டி அவர்களுக்கு, அப்புறம்தான் நமக்கு என்பார். முறை வரும் நாளில் எங்கள் வீட்டில் புருஷனுக்கே அதற்குப் பிறகுதான் தட்டு.

"மீதி நமக்குத்தான் சார்" என்றேன். "பாய், எந்த அண்டா ரெடி?"

"ஒண்ணுதாம்மா எறக்கியிருக்கேன். அடுத்தது தம்ல இருக்கு, நேரமாகும். நீங்க இத தூக்குங்க."

மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். "முதல் அண்டா ஸ்டேஷனுக்குப் போகுது. உங்களுக்கு லேட்டாகும். அவசரம்னா டிக்கெட் காசை வாங்கிட்டுப் போகலாம்."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மட்டும், "எனக்கு சுகரும்மா, ஒரு பிஸ்கட்டாவது குடுங்க" என்றார். கொடுத்தோம்.

அண்டாவோடு நானும் ஆட்டோவில் ஏறினேன். தினமும் ஆட்டோக்காரர்தான் சோற்றைக் கொடுத்துவிட்டு வருவார். அக்கா போன பிறகு நான் அங்கே நின்று பரிமாறியது அன்றைக்குத்தான். கண் தெரியாத பெரியவர் ஒருவர் ஒரு வாய் போட்டதும் நிமிர்ந்தார்.

"பிரியாணியா? அந்தம்மாதானே பிரியாணி போடும்! அப்ப ஊர்லேந்து வந்துடுச்சா?"

ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவைச் சொல்ல வாய் வராமல், ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார் பாவி மனுஷன். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிய நாங்களும் இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இல்லைங்க ஐயா. அவங்க இறந்துட்டாங்க."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு?"

எவ்வளவு பணம் சேர்ந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

"நாளைக்கு சாம்பார் சாதம்" என்றேன். "நான்தான் கொண்டாருவேன். சாப்பிடுங்க, ஆறுது."