நீ விடு, நான் பாத்துக்கறேன்

தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள் விசில். ஒரு வாய் சமையலறையில், அடுத்தது மாடிப்படியில், கடைசி வாய் வாசலில். "உக்காந்து சாப்பிட்டா உள்ள இறங்காதாடி?" என்று தையல் மெஷினிலிருந்து அம்மா கத்துகிறாள். "நேரமில்லம்மா!" என்ற பதில் வரும்போது ஆள் தெருமுனையில். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வகுப்பில் உட்காருகிறாளே என்பீர்கள். பாதி நேரம் அங்கேயும் பெஞ்சின் நுனியில்தான், பஸ்ஸை விட்டுவிடப் போகிறவள் மாதிரி.

படிப்பது பன்னிரண்டாம் வகுப்பு. கழுத்தில் சதா ஒரு விசில் தொங்குவதால் அந்தப் பெயர். ஆசிரியர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் பள்ளியில் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் ஒரு பயணம் போவது வழக்கம். இரண்டு நாள் ஏதோ ஓர் ஊருக்கு உழைப்பு, ஒரு நாள் சாகசம். எங்கே, எதற்கு, எப்படி என்பதெல்லாம் பிள்ளைகள் பாடு. முதல்வர் தலையாட்டினால்தான் பஸ் கிளம்பும். இந்த வருஷக் குழுவுக்குத் தலைவி இவள். அறிவிப்பு வந்த அன்று வராந்தாவில் அவள் ஊதிய ஊதலில் பக்கத்துக் கட்டடத்துப் பரீட்சையே நின்றுபோனது.

அவளோடு சேர்ந்து திட்டம் போடுவது தனி அனுபவம். யார் எதை எடுத்தாலும், "நீ விடு, நான் பாத்துக்கறேன்." கூடாரம் அடித்துப் பழக மைதானத்துக்குப் போனார்கள். கூடாரத் துணியின் கிழிசல்களையெல்லாம் அம்மாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கியவளும் அவள்தான். மற்றவர்கள் கையிலிருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, அத்தனை கூடாரங்களையும் தானே கட்டி முடித்தாள். குழு புல்தரையில் கால் நீட்டிப் படுத்துப் பிஸ்கட் தின்றது. திடீரென்று காற்று கிளம்பி ஒரு கூடாரம் பறந்தது. "புடிங்கடா! கயித்த இழுங்க!" என்று இவள் அலறுகிறாள். எந்தக் கயிற்றை இழுப்பதென்று ஒரு பயலுக்கும் தெரியவில்லை. "எங்களை எங்க தொட விட்டே?" என்றான் தூரிகை, படுத்தபடியே.

தூரிகை அவளுடைய உயிர்த்தோழன், படம் வரைகிறவன். மலைமேல் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, அதில் அவன் ஒரு பெரிய திமிங்கலம் வரைவது, மறுநாள் அங்குள்ள ஓடையின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு கடப்பது. இதுதான் திட்டம். கேட்டாலே காலெல்லாம் பரபரக்கிறதா? முதல்வருக்குப் பரபரக்கவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். "நீங்க போயிட்டு வந்தா உங்களுக்குச் சந்தோஷம். அந்த ஊருக்கு என்ன? நாளைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இந்த வருஷம் பயணமே கிடையாது."

அன்று சாயங்காலம், சுவரின் நீளம் கேட்கலாமென்று அந்தப் பள்ளிக்குப் போன் போட்டாள் விசில். இத்தனை நாள் திட்டம் போட்டும், அங்கே இருக்கிற யாரோடும் குழுவில் ஒருவர்கூட ஒரு தடவையும் பேசவில்லை! போனை எடுத்தவள் ஒன்பதாம் வகுப்பு லீடராம். டீச்சர் இன்னும் வகுப்பில் இருக்கிறாராம். இவள் மூச்சு விடாமல் திமிங்கலம், ஓடை, கயிறு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"சுவரா?" என்றாள் அந்தப் பெண். "அக்கா, எங்க சுவத்தைச் சொரண்டினா போன வருஷம் வந்தவங்க தெரிவாங்க. இன்னும் சொரண்டினா அதுக்கு முந்தின வருஷம் வந்தவங்க தெரிவாங்க. எல்லாரும் பெயிண்ட்தான் அடிக்கறீங்க."

விசிலுக்கு முகம் சுட்டது. "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அந்தக் கயிறு. விளையாடி முடிச்சதும் கழட்டாம விட்டுட்டுப் போவீங்களா? மழை வந்தா ஓடையைத் தாண்ட முடியாது. பாதிப் பேரு ஸ்கூலுக்கே வர்றதில்ல."

போனை வைத்ததும் எடுத்தாளே ஓட்டம்! அவமானம் தெருமுனை வரைக்கும்தான் கூட வந்தது. அதற்கப்புறம் ஒரே குதூகலம். பள்ளியில் மலையேற்றப் பயிற்சி கொடுக்கும் கயிறு மாஸ்டர் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "கயிறு வெயில்ல இத்துப்போயிடும்மா. ரெண்டு கரையிலயும் இரும்புத் தூண் நட்டு, கைப்பிடியா இரும்பு வடம் இழுத்துக் கட்டலாம். தண்ணி ரொம்ப ஏறினா எறங்கக் கூடாது, சாதாரண மழைக்குத் தாங்கும். ஊர்க்காரங்க சம்மதிக்கணும். ஆனா ஒண்ணு, ஒருத்தரா செய்யற வேலை இல்ல இது."

"நீங்க விடுங்க, நான்..." என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கினாள். அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டு, ஊர்க்காரர்களைக் கேட்கச் சொல்லிவிட்டுக் குழுவைக் கூட்டினாள். தூரிகைக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப என் திமிங்கலம்?" அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூண் துரு பிடிக்காம பெயிண்ட் அடிக்கணும்ல? அது எனக்கு," என்றான். அப்புறம் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டு ஒரே சத்தம். விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோனவள் ஊதாமல் விட்டாள்.

மறுநாள் முதல்வர் அறை. இவள் பேசப்போவதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "சொல்லும்மா, அந்த ஊருக்கு என்ன?" என்றார் முதல்வர். குழு மொத்தமும் இவளைப் பார்த்தது. இவள் போனை எடுத்து மலைப்பள்ளிக்கு அழைத்தாள். "மேடம் கேக்கறாங்க. நீயே சொல்லு," என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

அந்தப் பெண் சொன்னாள். ஓடையை, மழையை, வராத பிள்ளைகளை, நேற்றே கூடிப் பேசித் தூணுக்குக் குழி தோண்டித் தருவதாகச் சொன்ன அப்பாக்களை. முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஓடை எவ்வளவு அகலம்மா இருக்கும்?"

விசிலுக்கு அது தெரியும். வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. சுவரோரமாகக் கிடந்த நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டு, முதுகு நன்றாகச் சாயும்படி உட்கார்ந்தாள்.