மோட்டார் ரூம் சாவி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்பா எட்டு அறைகளோடு ஒரு விடுதி நடத்தி வந்தார். அதற்கு முன் செய்த வியாபாரத்தில் கூட்டாளி ஏமாற்றிவிட்டதால், விடுதியில் எதையும் யார் கையிலும் விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்த அக்கா ஒரு நாள் அவரைக் கேட்காமல் மோட்டார் போட்டுவிட்டார். தொட்டி நிரம்பி வழிந்தது. தங்கியிருந்தவர்கள் முன்னாலேயே அப்பா அக்காவைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் மோட்டார் ரூமுக்குப் பூட்டு வந்தது. சாவி அப்பாவின் சட்டைப்பையில்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, ஒரு பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூரில் கல்யாணம் என்று அப்பா விடியற்காலையே போய்விட்டார். சாவியும் கூடவே போனது. எட்டு அறையிலும் ஆந்திராவிலிருந்து கிரிவலத்துக்கு வந்த குடும்பங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் குழாயில் காற்றுதான் வந்தது. கூட்டத்தில் செல்போன் லைன் கிடைக்கவில்லை. ஊருக்குள் வண்டிகளை விடாததால் அப்பாவால் உடனே திரும்பவும் முடியாது.

வருஷா வருஷம் எங்களிடமே தங்கும் ஒரு பெரியவர் வயிற்றுப்போக்கோடு கிடந்தார். அவருடைய மனைவி காலி வாளியோடு வந்து அம்மாவின் முன் நின்றார்.

"பூட்டை உடைச்சுடலாம்மா. பாவமா இருக்குது" என்றார் அக்கா.

"அவரு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? போன தபா நீ வாங்கினது பத்தாதா?" என்றார் அம்மா.

அக்கா கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டார். தெருக்குழாயிலிருந்து நாங்கள் சுமந்து வந்த குடங்கள் ஒரு அறைக்குக்கூடப் போதவில்லை. பெரியவரைக் கைத்தாங்கலாக எதிர் விடுதிக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்களும் பெட்டிகளோடு பின்னால் போனார்கள்.

மத்தியானம் வேர்த்து விறுவிறுக்க அப்பா வந்தபோது எட்டு அறையும் திறந்து கிடந்தன.

"இத்தினி பேரு இருக்கீங்க. ஒரு பூட்டை உடைக்க யாருக்குமே தோணலியா?" என்று கத்தினார்.

அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெரியவர் குடும்பம் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. அக்கா எதிர் விடுதிக்கே வேலைக்குப் போய்விட்டார். அப்பா பெட்ஷீட் அலமாரியையும் பூட்டினார், சமையலறையையும் பூட்டினார். புதிதாக வந்தவர்கள் எவரும் நிலைக்கவில்லை. நான் பத்தாவது முடிப்பதற்குள் கட்டடம் கைமாறிவிட்டது. அப்பா இன்றைக்கும் ஆட்கள் சரியில்லாமல்தான் தொழில் போயிற்று என்கிறார்.

அந்தப் பௌர்ணமியன்று சாயங்காலம் அவர் மாமாவிடம் போனில் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "அரை நாள் நான் இல்ல. எல்லாம் நின்னு போச்சு பாரு. நான் இல்லன்னா இங்க ஒரு துரும்பு அசையாது."

குரலில் கோபம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் வகுப்பில், எங்கப்பா இல்லாவிட்டால் எங்கள் விடுதியே நடக்காது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவர் இல்லாமல் நடக்காததுதான் எங்களுக்கு வந்த கேடு என்று அந்த வயதில் தெரியவில்லை.