அத்தை எழுதிய ஓண நாடகம்

எங்கள் வலியசாலை வீட்டுக்குக் கேபிள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு மதியங்களில் ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஓடும். அதில் ஒரு பிரிட்டிஷ் நடிகை வாரத்துக்கு ஒரு வேஷம் கட்டுவார். அப்பாவின் தங்கையான அத்தைக்குப் பாதி வசனம் பிடிபடாது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். முடிவில் ஓடும் எழுத்துகளை வாசித்துச் சொல்வது இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் வேலை. எழுதியவர் என்ற இடத்திலும் அந்த நடிகையின் பெயரே வரும்.

“பாத்தியாடி, எழுதினதும் அவளேயாக்கும்!” என்பாள் அத்தை, தானே எழுதிவிட்ட பெருமையோடு.

அத்தை ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். அந்த வருஷ ஓண விழாவுக்கு அவளும் ஒரு நாடகம் எழுதினாள். அதில், லீவ் லெட்டரில் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பும் மேலதிகாரி ஒருவர். அம்மாவின் திவசத்துக்கு லீவ் கேட்ட பியூன், திருத்தி எழுதி முடிப்பதற்குள் அடுத்த திவசமே வந்துவிடும். மேலதிகாரி வேஷம் அத்தைக்கு, மீசையோடு.

விழாவில் நிஜ மேலதிகாரி முன்வரிசையில் இருந்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தே கண்ணில் நீர் வரச் சிரித்தார். முடிந்ததும் ஆபீஸ் கிளப் செயலாளர், அவரும் ஒரு கிளார்க்தான், மைக்கைப் பிடித்து, நாடகத்தை எழுதியது தானே என்று அறிவித்தார். மேலதிகாரி எழுந்துபோய் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்காலி மேல் ஏறி, “கள்ளம்! இது என்றெ அத்தை எழுதியதாணு!” என்று மலையாளத்தில் கத்தினேன். கூட்டம் சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

“வாயை மூடிண்டு வாடி” என்று அத்தை என்னை வெளியே இழுத்துப் போனாள். வழியெல்லாம் என் கையை விடாமல் விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்காகச் சண்டை போட்டவள்மேல் கோபமா என்று எனக்கு அழுகை முட்டியது.

அடுத்த மாதமே அவளைத் தொலைவில் மலையோரத்திலிருக்கும் விதுராவுக்கு மாற்றினார்கள். விடியுமுன் பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பினாள். எழுதுவதை விட்டுவிட்டாள். செயலாளர் ஒருநாள் வருத்தம் சொல்ல வந்தபோது, திருடனுக்கு நான் காபி கொண்டுபோக மாட்டேன் என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை சொன்னாள். தன் பெயரைச் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்றாராம் செயலாளர். அத்தைதான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாளாம். “அவர் எழுதினதுன்னா அந்த ஆபீசர் சிரிப்பான், நான் எழுதினதுன்னா சிரிக்கமாட்டான். நேக்குத் தெரியும்டி.”

அதே நாடகம்தான். எழுதியது ஒரு பெண் என்றதும் அந்த மனிதருக்குச் சிரிப்பு ஏன் நின்றது என்று நாற்காலி மேல் நின்ற எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், செயலாளர்மேல் இருந்த அந்தக் கோபம் ஆறவில்லை. ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.