வைத்தியருக்கு நான் வைத்த பரீட்சை

நாற்பத்தொரு வயதில், மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு என்று ஆன பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. புற்று மாதிரி தெரியவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், கட்டியை மட்டும் அறுத்து எடுக்கலாம், ரத்தக்குழாயை அடைத்துச் சுருங்க வைக்க மதுரைக்குப் போகலாம், கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று நாலு வழியையும் பொறுமையாகச் சொன்னார். கூட வந்த அக்காவுக்கு நாலாவது மட்டும்தான் காதில் விழுந்தது.

"கல்யாணமும் வேண்டாம்னுட்ட. இனி அது இருந்து என்ன செய்யப் போவுது?" என்றாள், ஆட்டோவில் வைத்தே.

"அது என்னோடது. எதுக்குன்னு நீ கேக்காத," என்றேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்த வீம்பில்தான் சித்த வைத்தியரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம்: வைத்தியரிடம் நோயைச் சொல்ல மாட்டோம். கையை நீட்டுவோம், நாடி பார்த்து அவரே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால்தான் அவர் வைத்தியர். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை வைக்கிறவள் நான், விடுவேனா? ஸ்கேன் தாளைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அசதி என்று மட்டும் சொன்னேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அவர் கேட்டார். வருகிறது என்றேன்.

உடற்சூடு, ரத்தக்குறைவு என்று சூரணம் தந்தார். புளி தள்ளச் சொன்னார். புளியில்லாத குழம்பை மனுஷர் வாயில் வைக்க முடியாது. ஐந்து மாதம் வைத்தேன். உதிரம் நிற்கவில்லை. கறுப்புச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தேன்.

மறுநாள் ஸ்கேன் தாளை வைத்தியர் மேசையில் விரித்தேன். அவர் படித்தார். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"எனக்குப் பரீட்சை வச்சியளாக்கும்? தோத்தது நானில்லம்மா, ஒங்க ஒடம்பு."

இது சூரணத்துக்குக் காத்திருக்கிற ரத்தமில்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் கொடுத்ததையும் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். கட்டியை மட்டும் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். முயற்சி செய்கிறேன், ஆனால் உங்களிடம் இழக்க ரத்தமில்லை, ஆபரேஷன் மேசையில் உதிரம் கட்டுக்கு அடங்காவிட்டால் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டிவரும் என்றார் அதே பெண் டாக்டர். ஐந்து மாதத்துக்கு முன் இந்தப் பயம் இருந்திருக்காது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்தபோது அக்கா பக்கத்தில் இருந்தாள். எடுத்துவிட்டார்கள் என்றாள். எதை என்று கேட்க எனக்கு நாக்கு புரளவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

"கட்டிய மட்டுந்தான் எடுத்திருக்காவ," என்று என் கையைப் பிடித்தாள். "ஒன்னோடது ஒங்கிட்டயேதான் இருக்கு."